கடன் வாங்கும் முன் கலக்கிப் பார்!



"டிப்ளமோ முடிச்சிட்டு என்னப்பா செய்யப் போற?" என்று யாரைக் கேட்டாலும் ஓசூர், கோயம்புத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பஸ் போர்டு மாதிரி ஊர்ப்பெயர்கள்தான் பதிலாக வருகின்றன. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நம்மில் சிலருக்கு வேறொரு ஆசையும் மனசுக்குள் ஓடுகிறது. "நம்ம ஊர்லயே சின்னதா ஒரு தொழில் போடணும்டா" என்கிற ஆசை. அந்த ஆசைப் பட்டியலில் சோப்பு, ஷாம்பு, கூந்தல் தைலம், கற்றாழை ஜெல், முகத்துக்குப் போடும் க்ரீம் ஆகியவற்றுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. முதல் போடுபவர்கள் பெரும்பாலும் நம் அக்காமார்கள், மதினிமார்கள் இருக்கிற மகளிர் குழுக்களாகவும் இருக்கலாம்; நாமாகவும் இருக்கலாம்.

அவர்கள் நம்மிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி: "தம்பி, நீ மிஷின் படிக்கிற பையன்தானே, எந்த மிஷின் வாங்குறது?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் எது என்று முடிவாகி, அதைச் சின்ன அளவில் செய்து பார்த்து, அதற்குப் பிறகுதான் மிஷினுக்கு விலை கேட்க வேண்டும். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் கடன், பிறகு மிஷின், கடைசியில்தான் "இதுல என்னத்தைப் போட்டுக் கலக்கலாம்?" என்ற யோசனை!

நம் மண்ணுக்குச் சின்ன அளவுதான் சரி

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தென்னைக்குக் குறைவில்லை. போடியில் ஏலக்காய் ஏலம். இத்தனை இருந்தும், நாம் விற்பதெல்லாம் மூட்டையாகவும் பெட்டியாகவும்தான். விலை இறங்கினால் திராட்சைக்காரர் தலையில் துண்டு.

"திராட்சை விதை எண்ணெய்ல க்ரீம் போடலாமே" என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பழத்தின் எடையில் விதை ஒரு சில சதம்தான். அந்த விதையில் எண்ணெய் சுமார் 10 முதல் 15 சதம். ஆக 100 கிலோ பழத்துக்கு அரை லிட்டர் எண்ணெய் கிடைத்தாலே பெரிய விஷயம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும் பொருளை வைத்துத் தொழில் செய்பவன் 5 கிலோ, 10 கிலோ என்றுதான் ஒரு தடவைக்குப் போட முடியும். 5 கிலோ க்ரீம் என்றால் 50 கிராம் டப்பா 100. அதை விற்று முடித்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். விரலுக்கேற்ற வீக்கம்!

இரண்டு கட்சிகள்

மிஷின் விஷயத்தில் நம் ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு.

முதல் கட்சி: "மிக்ஸி போதும்பா. தேங்காய்ச் சட்னி அரைக்கிறதுக்கும் க்ரீமுக்கும் என்ன வித்தியாசம்?"

இரண்டாவது கட்சி: "பேங்க்ல எப்படியும் கொட்டேஷன் கேப்பான். பெரிசா ஒரு மிஷின் போட்டுட்டா கடனும் பெரிசாக் கிடைக்கும், மானியமும் பெரிசாக் கிடைக்கும்."

இரண்டு கட்சிக்கும் என் ஓட்டு கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

கலப்பது வேறு, உடைப்பது வேறு

"மிக்ஸிங்" என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பாத்திரத்தில் உள்ளதை எல்லா இடமும் ஒரே மாதிரி ஆகும்படி சுற்றிவிடுவது. இது கலப்பது. மற்றொன்று, எண்ணெய்த் துளியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னதாக நொறுக்குவது. இது உடைப்பது. முதல் வேலைக்கு மெதுவாகச் சுற்றும் பெரிய துடுப்பு வேண்டும். இரண்டாவதுக்கு வேகமாகச் சுற்றும் சின்னத் தலை வேண்டும். ஒரே மிஷின் இரண்டையும் நன்றாகச் செய்வது அபூர்வம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பொருள் வாரியாகப் பாருங்கள்.

1. கூந்தல் எண்ணெய்: எண்ணெயோடு எண்ணெய் தானாகவே கலக்கும். மெழுகு ஏதாவது கரைய வேண்டும் என்றால் லேசான சூடு. ஒரு சாதாரண புரொப்பெல்லர் ஸ்டிரர் போதும். இதற்கு ஹோமோஜினைசர் வாங்குவது கொசுவுக்குப் பீரங்கி.

2. ஷாம்பு: இங்கே வேகம்தான் எதிரி. வேகமாகச் சுற்றினால் பாத்திரம் முழுக்க நுரை. நுரை அடங்க ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும். பாட்டிலில் அளவும் சரியாக நிற்காது. துடுப்பு திரவத்துக்குள் முழுசாக முங்கி, நடுவில் சுழி விழாதபடி மெதுவாகச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

3. ஜெல்: கார்போமர் போன்ற பவுடரை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். மேலே நனைந்து உள்ளே காய்ந்த அந்தக் கட்டியை மீன் கண் என்பார்கள். தண்ணீர் சுழலும்போது சல்லடையில் மெல்லத் தூவ வேண்டும். காரம் சேர்த்துக் கெட்டியான பிறகு வேகத் தலையை உள்ளே விடவே கூடாது. விட்டால் அந்த நீண்ட மூலக்கூறுகள் அறுந்து ஜெல் தண்ணியாகிப் போகும். காசு கொடுத்து வாங்கிய வேகம் நம் பொருளையே கெடுக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

4. பொடி வகைகள் (சீயக்காய், குளியல் பொடி): இங்கே துடுப்பே வேண்டாம். பாதி நிரம்பிய ஒரு டப்பா உருண்டாலே போதும். இரட்டைக் கூம்பு மாதிரி ஒரு எவர்சில்வர் டிரம், அதைச் சுற்ற ஒரு கியர் மோட்டார். டிரம்மை முழுக்க அடைத்தால் பொடி புரள இடம் இருக்காது. கலக்கும் முன்பும் பின்பும் சலிக்க வேண்டும். தூசிக்கு வழி செய்ய வேண்டும்.

5. க்ரீம், லோஷன்: இதற்குத்தான் இரண்டு வேலையும் வேண்டும். எண்ணெய்ப் பகுதியையும் தண்ணீர்ப் பகுதியையும் தனித்தனியாக 70 - 75 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒன்றாகச் சேர்த்து, சில நிமிடம் வேகத் தலையால் உடைக்க வேண்டும். பிறகு அந்தத் தலையை எடுத்துவிட்டு, சுவரைச் சுரண்டியபடி மெதுவாகச் சுற்றும் நங்கூரத் துடுப்பால் ஆற வைக்க வேண்டும். வாசனையும் சூடு தாங்காத பொருட்களும் 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான். ஆறும்போதும் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் க்ரீமுக்குள் காற்றுதான் ஏறும்.

ரோமாபுரியில் கேலன் என்ற வைத்தியர் 2-ஆம் நூற்றாண்டிலேயே தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் வைத்துக் குளிர் க்ரீம் செய்ததாகச் சொல்வார்கள். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. ஆனால் அந்த க்ரீம் வெகுநாள் பிரியாமல் நிற்காது. நாம் மிஷினுக்குக் கொடுக்கும் காசு, கடையில் மாதக்கணக்கில் பிரியாமல் நிற்பதற்காகத்தான்.

லேத் கணக்கு இங்கேயும் வரும்!

மெக்கானிக்கல் நண்பர்களே, முதல் வருஷம் லேத்தில் கட்டிங் ஸ்பீடு கணக்குப் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? பை, விட்டம், சுற்று மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுப்பது. அதே சூத்திரம்தான் இங்கே விளிம்பு வேகம்.

லேபில் 200 கிராம் க்ரீமை 40 மி.மீ. தலையுள்ள ஹோமோஜினைசரில் 6000 சுற்றில் செய்து பார்த்தோம், அருமையாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வேகம் நிமிடத்துக்கு 754 மீட்டர். அதாவது விநாடிக்கு சுமார் 12.6 மீட்டர். இப்போது 5 கிலோவுக்குப் போகிறோம். தலை 80 மி.மீ. "அதே 6000 சுற்றே ஓட்டுவோம்" என்பான் விவரம் தெரியாதவன். கொந்தளித்து ஓடும் திரவத்தில் மோட்டார் இழுக்கும் சக்தி, சுற்றின் மும்மடிக்கும் விட்டத்தின் ஐந்தாம் மடிக்கும் ஏற்ப ஏறும். விட்டம் இரண்டு மடங்கு, சுற்று அதே என்றால் சக்தி 32 மடங்கு! மோட்டார் டிரிப் ஆகும், அல்லது புகையும்.

சரியான வழி, விளிம்பு வேகத்தை அப்படியே வைத்துக்கொள்வது. 80 மி.மீ. தலைக்கு 3000 சுற்று போதும். அப்போது சக்தி 4 மடங்குதான். ஆனால் சரக்கு 25 மடங்கு ஆகிவிட்டது அல்லவா? ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் சக்தி ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆகவே ஓட்டும் நேரத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதைச் செய்து பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு சொட்டு எடுத்து, மைக்ராஸ்கோப்பில் துளியின் அளவைப் பாருங்கள். இனிமேல் சிறிசாகவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் ஓட்டுவது கரண்ட் தண்டம்.

நங்கூரத் துடுப்பின் கணக்கையும் பாருங்கள். 220 மி.மீ. துடுப்பு, 40 சுற்று. விளிம்பு வேகம் விநாடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. அங்கே 12.6, இங்கே அரை! ஒரே மோட்டாரில் இரண்டையும் செய்யலாம் என்று விற்க வருபவரிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டி, எப்படி என்று கேளுங்கள்.

மிக்ஸியும் கிரைண்டரும்

மிக்ஸி கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்ஸியிடம் வேகம் குறைவு என்று நான் சொல்லவே இல்லை. சும்மா ஓடும்போது 18,000 சுற்றுவரை போகும். குறை வேறு இடத்தில். ஹோமோஜினைசரில் சுற்றும் தலைக்கும் அசையாத கூட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்கிறது. துளி அதற்குள் மாட்டித்தான் உடைகிறது. மிக்ஸியில் அந்தக் கூடே கிடையாது. பிளேடு காற்றையும் சேர்த்து அடிக்கிறது. சூட்டைப் பிடித்து நிறுத்த வழியில்லை. சில நிமிடம் ஓட்டினால் சில நிமிடம் நிறுத்து என்பதுதான் அதன் விதி. எல்லாவற்றுக்கும் மேலாக ஜார் அடியில் உள்ள புஷ். நாள்பட்ட ஜாரில் அங்கிருந்து கறுப்பாக எண்ணெய் கசிவதை நம் வீட்டு அடுப்படியிலேயே பார்த்திருக்கிறோம். முகத்தில் பூசும் க்ரீமில் அது வேண்டாமே!

ஆனால் மிக்ஸியை அடியோடு தள்ளவும் வேண்டாம். 200 கிராம் போட்டு "இந்தச் சேர்மானம் கூடி வருமா, வராதா?" என்று ஒரு பார்வை பார்க்க, அதற்கென்றே தனியாக வைத்த ஒரு புது ஜார் உதவும். விற்கிற பொருளுக்கு வேண்டாம்.

கிரைண்டர் நம் கொங்கு நாட்டுப் பெருமை. 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கியது. மாவுக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கல்லில் நுண்ணிய துளைகள் உண்டு. எண்ணெயும் கிருமியும் அதில் தங்கினால் கழுவி எடுக்க முடியாது. ஆகவே இதற்கு ஆகாது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

எஃகு: க்ரீம் தொடும் இடமெல்லாம் எஸ்.எஸ். 304 அல்லது 316 இருக்க வேண்டும். "பாருங்க தம்பி, காந்தம் ஒட்டல" என்று கடைக்காரர் காட்டுவார். 304-லும் ஒட்டாது, 316-லும் ஒட்டாது, மலிவான 202-லும் ஒட்டாது! காந்தம் ஒட்டாததை வைத்து எந்தத் தரம் என்று சொல்ல முடியாது. தகட்டின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அலுமினிய அண்டா வேண்டாம். புளிப்பும் காரமும் அதை அரிக்கும்.

வெல்டிங்: உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் தட்டுப்பட்டால் அங்கேதான் கிருமி குடியிருக்கும். தேய்த்து வழவழப்பாக்கி இருக்க வேண்டும்.

கழற்றல்: தலையும் துடுப்பும் ஸ்பேனர் இல்லாமல் கழற்றிக் கழுவும்படி இருக்கிறதா? கழுவ அரை நாள் ஆகும் மிஷினை யாரும் ஒழுங்காகக் கழுவ மாட்டார்கள். இது மனித சுபாவம்.

சூடு: 5 கிலோவை 30 டிகிரியிலிருந்து 75-க்குக் கொண்டுபோக, தண்ணீர் கணக்கில் பார்த்தால் சுமார் 945 கிலோஜூல். 1 கிலோவாட் ஹீட்டர் 16 நிமிடத்தில் செய்துவிடும். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 20, 25 நிமிடம். இதற்கு பாய்லர் எதற்கு? ஆனால் நெருப்பு நேராகப் படக் கூடாது. வெந்நீர் சூழ்ந்த இரட்டைச் சுவர்ப் பாத்திரம்தான் சரி.

கரண்ட்: சின்ன மோட்டாருக்கு ஒரு வி.எஃப்.டி. போட்டால் சிங்கிள் ஃபேஸிலேயே த்ரீ ஃபேஸ் மோட்டாரை வேகம் கூட்டிக் குறைத்து ஓட்டலாம். க்ரீம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால்? துடுப்பைக் கையால் சுற்ற ஒரு கைப்பிடி வைத்துக் கேளுங்கள். நம் பட்டறையிலேயே செய்யக்கூடியதுதான்.

பெரிய மிஷின் கட்சிக்கு

50 லிட்டர் வேக்கம் மிஷின் கெட்டது என்று நான் சொல்லவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்து, பளபளவென்று க்ரீம் தரும். ஆனால் அந்தப் பாத்திரத்தில் 5 கிலோவைப் போட்டால் அடியில் ஒட்டிக்கிடக்கும், தலையே முங்காது. ஒரு பரீட்சைக்கே 20 கிலோ போட வேண்டும். புதுத் தொழிலில் முதல் பத்துப் பரீட்சையில் பாதி சரியாக வராது. அப்போது கீழே ஊற்றுவது 5 கிலோவா, 20 கிலோவா? மிஷினுக்குக் கட்டும் வட்டியோடு இந்த நஷ்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். மானியம் என்பது விலையில் ஒரு பங்குதான். மிச்சத்தைக் கட்டப்போவது குழுவில் இருக்கிற அந்த அக்காதான்.

கடலூர்க் கதையைச் சொல்கிறேன். சின்னி கிருஷ்ணன் அவர்கள் ஷாம்பைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று வழி காட்டியவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். பின்னாளில் அதுதான் கெவின்கேர். வாடகைக்கு இடம் பிடித்து, 3,000 ரூபாய்க்குப் பாக்கெட் அடைக்கும் மிஷின் வாங்கியதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கவனித்தீர்களா? அவர் எடுத்துச் சொன்ன மிஷின் அடைக்கும் மிஷின், கலக்கும் மிஷின் இல்லை. ஷாம்புக்கு மெதுவான கலக்கல் போதும். அவர் தொழிலின் உயிர் பாக்கெட்டில் இருந்தது. எந்த இடத்தில் தொழிலின் உயிர் இருக்கிறதோ, அந்த இடத்தில் காசைப் போட வேண்டும். அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

அழகுசாதனப் பொருள் செய்து விற்க லைசென்ஸ் வேண்டும். வீட்டு அடுப்படியில் செய்து லேபிள் ஒட்டி விற்கலாம் என்பது தவறான எண்ணம். 1940-ஆம் வருஷத்து மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டத்தின் கீழ், முன்பு எம்-2 என்ற பட்டியலில் எந்தப் பொருளுக்கு என்ன கருவி, எவ்வளவு இடம் என்று கொடுத்திருந்தார்கள். க்ரீம், ஷாம்பு வகைக்கு 25 சதுர மீட்டர் இடம் சிபாரிசு. கலக்கும் தொட்டி, சூடாக்கும் பாத்திரம், பொருத்தமான கலக்கி, எடைக் கருவி, அடைக்கும் கருவி. ஹோமோஜினைசருக்கு "தேவைப்படும் இடத்தில்" என்று ஒரு வார்த்தை. சட்டம் எழுதினவர்களுக்கே தெரிந்திருக்கிறது, எல்லாருக்கும் அது தேவையில்லை என்று! 2020-ல் அழகுசாதனத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. கொட்டேஷன் வாங்கும் முன் அந்த விதிகளில் உள்ள பட்டியலைப் படித்துவிடுங்கள்.

இன்னொரு வழியும் அதில் உண்டு. லைசென்ஸ் உள்ள வேறொருவர் ஆலையில் நம் பொருளைச் செய்துகொள்ளும் "லோன் லைசென்ஸ்". பெயரில் லோன் இருந்தாலும் பேங்க் கடன் இல்லை! பொருள் விற்குமா என்று தெரியும்வரை மிஷினே வாங்காமல் ஓட்ட இது ஒரு நல்ல ஏற்பாடு.

நாம் என்ன செய்யலாம்?

இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மதுரைக்கு பஸ் ஏறி, ரெடிமேடாக ஒன்றை வாங்கி, பெயிண்ட் அடித்து, வைவா முடிந்ததும் பட்டறை மூலையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பணத்தில் பாதி போதும், 10 லிட்டர் இரட்டைச் சுவர்ப் பாத்திரமும், வேகம் மாற்றும் ஒரு நங்கூரத் துடுப்பும் நாமே செய்வதற்கு வழி தேடலாம். மெக்கானிக்கல் துடுப்பைக் கடையட்டும், எலெக்ட்ரிக்கல் வி.எஃப்.டி.யைக் கட்டட்டும், எலெக்ட்ரானிக்ஸ் சூட்டைக் கட்டுப்படுத்தட்டும். ஹோமோஜினைசர் தலையை மட்டும் வெளியே வாங்கிக்கொள்ளலாம். அந்த இடைவெளியின் நுணுக்கம் நம் பட்டறையில் பிடிபடுவது கஷ்டம்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு சின்னக் கலக்கியைக் கல்லூரியில் நிரந்தரமாக வைக்க முதல்வர் அவர்களிடம் பேசுங்கள். கூடலூர், சுருளிப்பட்டி, உத்தமபாளையம் பக்கத்துக் குழுக்கள் கடன் மனுவில் கையெழுத்துப் போடும் முன், ஒரு நாள் வந்து தங்கள் சேர்மானத்தை இங்கே சோதித்துப் பார்க்கட்டும். இங்கே செய்வது விற்பனைக்கு இல்லை, பரீட்சைக்கு மட்டும். மாதிரியைப் பாட்டிலில் அடைத்து, ஒன்றை அறையிலும் ஒன்றை 45 டிகிரி அடுப்பிலும் ஒன்றை ஃப்ரிட்ஜிலும் மூன்று மாதம் வைத்துப் பார்ப்போம். பிரியாமல் நின்றால் மிஷினுக்கு விலை கேட்கலாம். பிரிந்தால் போனது 5 கிலோ சரக்கு, வீடு தப்பித்தது.

மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் டிப்ளமோ படித்தவர்களும் மானியத்தோடு கடன் கேட்கலாம். நாளைக்கு நம் பெயரிலேயே மனு போடப்போகிறவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் இருப்பார்கள். மாவட்டத் தொழில் மையத்தின் படி ஏறும்போது கையில் கொட்டேஷன் மட்டும் இருந்தால் போதாது. மூன்று மாதம் பிரியாமல் நின்ற ஒரு டப்பா க்ரீமும் இருக்கட்டும். அதைத் திறந்து மேஜை மேல் வைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள் நண்பர்களே!

- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை